காலி வண்டியின் குதிப்பும் ஐந்து மணல் மூட்டையும்

மானாமதுரைச் சூளையிலிருந்து பானை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்த முதல் நடையிலேயே 37 பானை உடைந்துபோனது. பானைக்கும் பானைக்கும் இடையில் வைக்கோல் திணித்திருந்தேன், கயிறும் இறுக்கித்தான் கட்டியிருந்தேன். வேகமாகவும் வரவில்லை. உடைத்தது வண்டியின் குதிப்பு. ஒன்றேகால் டன் தாங்கும் பிக்கப்புக்கு முந்நூறு கிலோ மண்பாண்டம் ஒரு எடையே இல்லை. பின்பக்கக் கமான் பட்டைகள் அசைந்துகொடுக்காமல் விறைத்து நின்றன. ரோட்டின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நேரே பானையின் அடிவயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

சூளைக்காரப் பெரியவர் ஓட்டுச் சில்லுகளை அள்ளிப் போட்டபடியே, “தம்பி, மாட்டு வண்டியில கொண்டுபோன காலத்துலகூட இவ்வளவு போனதில்லையே” என்றார். அவர் கோபப்படவில்லை. அதனாலேயே அந்தச் சொல் இன்னும் கூடவே வருகிறது. அதற்குப் பிறகுதான் வண்டியில் எடை போட்டு ஓட்டுவதைப் பற்றி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். பட்டறையில் கேட்டும், எடை மேடையில் நிறுத்திப் பார்த்தும், சில முறை தப்பாகச் செய்தும் தெரிந்துகொண்டவை இவை. பானை ஏற்றுகிறவர், கொலு பொம்மை ஏற்றுகிறவர், முட்டை, கண்ணாடி, நாற்றங்கால் செடி ஏற்றுகிறவர், சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது இடுப்பு கழன்றுவிடும்போல உணர்கிறவர், எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில், வண்டி ஏன் குதிக்கிறது

குட்டி யானை என்று நாம் செல்லமாகச் சொல்லும் டாடா ஏஸ் 2005இல் வந்தது. அசோக் லேலண்ட் தோஸ்த் 2011இல் வந்தது. பொலேரோ பிக்கப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை எல்லாமே முழு லோடைச் சுமப்பதற்காகப் பின்பக்கம் கமான் பட்டை போட்டுச் செய்யப்பட்டவை. பட்டையின் விறைப்பு முழு லோடுக்கு ஏற்றபடி இருக்கும். லோடு இல்லாதபோதும் அதே விறைப்புதான்.

ஊஞ்சலில் கனமான ஆள் உட்கார்ந்தாலும் ஒல்லியான ஆள் உட்கார்ந்தாலும் அது ஒரே தாளத்தில்தான் ஆடும். பட்டை அப்படி அல்ல. மேலே எடை குறைவாக இருந்தால் வெடுக் வெடுக்கென்று வேகமாக ஏறி இறங்கும், எடை கூடினால் மெதுவாக அசையும். மேலே நிற்கும் எடை நான்கு மடங்கானால் அசைவின் வேகம் பாதியாகும் என்பது கணக்கு. காரின் ஸ்பிரிங் நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை அசையும்படி அமைக்கப்படுகிறது. காலி பிக்கப்பின் பின்பக்கம் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வெட்டும். உட்கார்ந்திருக்கும் மனித உடலை மேலும் கீழுமாக ஆட்டும்போது நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான அதிர்வுதான் அதிகம் வருத்தும். வண்டியின் வெட்டு அந்தப் பக்கம் நெருங்க நெருங்க முதுகெலும்புக்குத்தான் கேடு.

இன்னொரு காரணமும் உண்டு. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உரசிக்கொண்டுதான் வளையும். நடுவில் துரு ஏறியிருந்தால், சின்ன மேட்டுக்கு அவை நழுவாமல் ஒரே இரும்புக் கட்டையாக நின்றுவிடும். எடை கொஞ்சம் இருந்தால் அந்தப் பிடிப்பு விட்டுக்கொடுக்கும். காலியில் விடாது.

எடை போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

• காற்றைப் பாருங்கள். எடைக்கு முந்தின மருந்து இது, செலவும் இல்லை. நம் ஊரில் பெரும்பாலான பிக்கப்புகள் முழு லோடுக்கான காற்றோடுதான் வருஷம் முழுக்க ஓடுகின்றன. டயரும் ஒரு ஸ்பிரிங்தான், ரோட்டைத் தொடும் முதல் ஸ்பிரிங். அதைக் கல்லாக்கி வைத்துவிட்டுப் பட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ காற்றளவு போட்டிருப்பார்கள். பல வண்டிகளுக்குப் பின்சக்கரத்தில் காலிக்கு ஓர் அளவும் லோடுக்கு ஓர் அளவும் தனித்தனியே இருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் பிடித்துப் பாருங்கள். என் வண்டியில் காலிக்கான அளவுக்குக் காற்றை இறக்கிய அன்றைக்கே பாதிக் குதிப்பு போய்விட்டது.

• லோடு ஏற்றும் முன் காற்றை மறுபடி ஏற்றுங்கள். முன்னதைச் செய்கிறவர் இதை மறக்கவே கூடாது. குறைந்த காற்றில் முழு லோடு ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். சித்திரை வெயிலில் பரமக்குடி ரோட்டில் டயர் வெடித்துக் கிடக்கும் லோடு வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

• பட்டைகளைக் கழற்றித் துரு சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவிப் பூட்டச் சொல்லுங்கள். சாக்கிள் புஷ் தேய்ந்திருக்கிறதா, சென்டர் போல்ட் முழுசாக இருக்கிறதா, யூ போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்றும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

• சாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வேகத்தடையைத் தாண்டியபின் வண்டி ஒரு முறை, ஒன்றரை முறை ஆடி அடங்க வேண்டும். மூன்று நான்கு முறை ஆடினால் சாக் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் எடை போட்டால் ஆட்டம் மெதுவாகும், ஆனால் நிற்காது. வளைவுகளில் அது முன்னைவிட ஆபத்து.

• ஆர்.சி.யை எடுத்து இரண்டு எண்களைப் படியுங்கள்: காலி எடை, மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். சரக்கு, நீங்கள், கூட வருகிறவர், தார்ப்பாய், கயிறு, பிறகு போட்ட இரும்புக் கம்பித் தடுப்பு, இப்போது போடப்போகும் மணல் மூட்டை, எல்லாமே சேர்த்தி. பாடி கட்டிய பிறகு வண்டியின் காலி எடை ஆர்.சி.யில் இருப்பதைவிடக் கூடியிருக்கவும் கூடும். எடை மேடையில் காலி வண்டியை ஒரு தடவை ஏற்றி இறக்கிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி இன்னொரு சீட்டும் வாங்குங்கள். பின் ஆக்சிலில் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த கணக்கைப் போட முடியும்.

எவ்வளவு, எதை, எங்கே

கணக்குக்காக, காலியாக இருக்கும்போது உங்கள் வண்டியின் பின்பட்டைகள்மேல் 350 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 100 கிலோ போட்டால் வெட்டின் வேகம் 12 சதவீதம் குறையும். 200 கிலோ போட்டால் 20 சதவீதம், 300 கிலோ போட்டால் 27 சதவீதம். முதல் நூறு கொடுத்த பலனை மூன்றாம் நூறு கொடுக்கவில்லை, டீசலை மட்டும் முன்னதைப் போலவே குடிக்கிறது. ஆகவே நூற்றில் தொடங்குங்கள், இருநூற்றில் நிறுத்துங்கள். ஒன்றேகால் டன் வண்டிக்கு இது போதும். குட்டி யானைக்கு அதில் பாதி போதும்.

செய்ய வேண்டியவை:

• எடையைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, அல்லது கேபினை நோக்கி ஓர் அடி முன்னால் வையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு எடை என்பதைவிட, அது எங்கே உட்காருகிறது என்பதுதான் வண்டியைக் காப்பதும் கவிழ்ப்பதும். ஆக்சில் எங்கே இருக்கிறது என்று கண்ணால் குத்துமதிப்பாகப் பார்க்காமல், பாடியின் வெளிப்பக்கம் பின்சக்கரத்தின் நடுவுக்கு நேராகச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

• மணலைத் தேர்ந்தெடுங்கள். எம்-சாண்ட் போதும், ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டாம். அடைக்கும் இடத்துக்கு ஏற்பப் படியும், உருளாது, மூட்டை கிழிந்தாலும் கல்லாகப் பறக்காது, தேவையில்லாதபோது கொட்டிவிடலாம். காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, கொஞ்சம் கூட. சிமென்ட் சாக்கை வாய் வரை நிரப்பினால் 50 கிலோவைத் தாண்டிவிடும், தரையில் படியவும் செய்யாமல் உருண்டையாக நிற்கும். முக்கால் சாக்கு நிரப்பி, வாயை மடித்துத் தைத்துவிடுங்கள். 40 கிலோவை ஒட்டி வரும், தலையணை மாதிரித் தட்டையாகக் கிடக்கும். நான் வைத்திருப்பது அப்படிப்பட்ட ஐந்து மூட்டைகள். தனியாளாக ஏற்றி இறக்குகிறவர்கள் 20 கிலோ மூட்டைகளாகப் பத்து கட்டுங்கள். வண்டிக் குதிப்பிலிருந்து இடுப்பைக் காக்கப் போய், மூட்டை தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

• சாக்குக்குள் சாக்கு போடுங்கள். பிளாஸ்டிக் நூல் சாக்கு வெயிலில் சில மாதங்களில் இற்றுப்போகும். நெடுஞ்சாலையில் சாக்கு கிழிந்தால் மணல் போய் விழுவது பின்னால் பைக்கில் வருகிறவர் கண்ணில். மேலே தார்ப்பாய் மூடினால் சாக்குக்கும் ஆயுள் கூடும்.

• ஒரே அடுக்காகப் பரப்புங்கள். மேலே அடுக்காதீர்கள். எடை தாழ்ந்து கிடக்கும் அளவுக்கு வளைவில் வண்டி நிதானமாக நிற்கும். இடமும் வலமும் சமமாக இருக்கட்டும். ஓட்டுநர் தனியாகப் போகிறவர் என்றால் ஒற்றை மூட்டையை இடப்பக்கம் வையுங்கள்.

• மூட்டைகள் முன்னால் நகராதபடி சட்டம் போடுங்கள். நம் பிக்கப்புகளின் பாடி சமதளமானது, மூட்டை முட்டி நிற்கச் சக்கர மேடு எதுவும் இல்லை. நான் செய்தது இது: சவுக்குக் கட்டைகளை வெட்டி, கேபின் பக்கத் தடுப்பிலிருந்து மூட்டை இருக்கும் இடம் வரை நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு என்று ஏணி போலப் பூட்டினேன். ஏணியின் ஒரு முனை தடுப்பில் முட்டி நிற்கும், மறுமுனையில் மூட்டைகள் முட்டி நிற்கும். பிரேக் அடித்தால் மூட்டை நகர இடமே இல்லை. அதன்மேல் ராட்செட் பெல்ட் இரண்டு, பாடியின் கொக்கிகளில்.

இந்தக் கட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி நின்றால், கட்டாத மூட்டை அதே வேகத்தில் கேபினை நோக்கி வரும். 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் மூட்டையின் வேகம் அது. கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய தகடும் கண்ணாடியும். அந்தப் பக்கம் நம் பிடரி.

• ரப்பர் விரிப்பை முயன்று பாருங்கள். மாட்டுக் கொட்டகையில் போடும் கனத்த விரிப்பு, ஆறரை அடிக்கு நான்கடி, 16 மில்லிமீட்டர் கனம் உள்ளது, ஒன்றே 40 கிலோவை ஒட்டி இருக்கும். இரண்டு விரித்தால் 80 கிலோ, அதுவும் பாடியின் அடித்தளத்தோடு படிந்து. உருளாது, ஒழுகாது, மேலே வைக்கும் சரக்கையும் வழுக்கவிடாது, தகடு கடகடக்கும் சத்தமும் அடங்கும். எனக்குத் தெரிந்த எடைகளிலேயே இதுதான் உத்தமம். விலைதான் மணலைவிடக் கூட.

• உடையும் சரக்கைக் கேபின் பக்கம் வையுங்கள். இரண்டு ஆக்சில்களுக்கும் இடைப்பட்ட பகுதிதான் வண்டியிலேயே குறைவாகத் தூக்கிப் போடும் இடம். பின் டோருக்கு அருகே குதிப்பு மிக அதிகம். மூட்டைகளின்மேல் ஒட்டுப்பலகை, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் பானை, பெரிய பானைகள் கேபின் ஓரமாக என்று அடுக்கத் தொடங்கியபின் என் சேதம் நடைக்கு இரண்டு மூன்றுக்குள் வந்துவிட்டது. கடம் ஏற்றும்போது மட்டும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழைய சேலைத் துணியில் சுற்றிக் கேபின் ஓரம் வைக்கிறேன். மானாமதுரை மண்பாண்டம் புவிசார் குறியீடு பெற்ற பொருள். கடத்தின் ஓட்டில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, தட்டும்போது நாதத்தில் தெரிந்துவிடும்.

• முகப்பு விளக்கைச் சரிபாருங்கள். பின்னால் எடை ஏறினால் மூக்கு தூக்கும், வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகும்.

• 10 கிலோமீட்டர் போனதும் நிறுத்திக் கட்டுகளை ஒரு முறை பாருங்கள். மணல் படிந்ததும் பெல்ட் தொய்யும்.

செய்யக்கூடாதவை

• ஆட்களை எடையாக ஏற்றாதீர்கள்.

இதை முதலில் வைக்கிறேன். “காலியாப் போனா குதிக்கும்ணே, நாலு பேரை ஏத்திக்கிட்டா சொகமாப் போகும்” என்று பட்டறை வாசலில் நானே கேட்டிருக்கிறேன். களை எடுக்கப் போகும் பெண்களும் கோயிலுக்குப் போகும் குடும்பங்களும் இப்படித்தான் பின் பாடியில் ஏறுகிறார்கள். பிடிக்கக் கம்பி இல்லை, பெல்ட் இல்லை, தலைக்கு மேல் கூரை இல்லை. நின்றுகொண்டு வருகிறவர்களால் எடை உயரத்துக்குப் போகிறது, வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள், வண்டியும் அந்தப் பக்கமே சாய்கிறது. மணல் மூட்டை விழுந்தால் மணல்தான் சிந்தும். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவர்களுக்கு வண்டியின் காப்பீடு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994 திருத்தம் சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் மட்டும்தான் இடம் கொடுக்கிறது. கூலி வேலைக்குப் போன அக்கா ஒருவர் விழுந்தால் அவர் பிள்ளைகளுக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம் என்பதுதான் இதன் பொருள். கேட்கிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள்.

• பின் டோர் ஓரத்தில் எடை போடாதீர்கள். ஏற்ற இறக்கச் சுலபம் என்று எல்லோரும் செய்கிற தப்பு இது, நானும் செய்திருக்கிறேன். இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே இரண்டரை மீட்டர் உள்ள வண்டி. பின் ஆக்சிலுக்கு முக்கால் மீட்டர் பின்னால் 200 கிலோ போடுகிறோம். ஏற்றப் பலகை மாதிரி முன்பக்கம் 60 கிலோ தூக்கிக்கொள்ளும், பின் ஆக்சில்மேல் 260 கிலோ அழுத்தும். முன்சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். ஓட்ட இலகுவாக இருக்கிறதே என்று முதலில் தோன்றும். மழை ரோட்டில் வளைவில் திருப்பும்போது வண்டி நேரே போகும்.

• பட்டை ஒன்றைக் கழற்றி மென்மையாக்காதீர்கள். பட்டறைகளில் சாதாரணமாகச் சொல்லும் யோசனை இது. காலியில் சுகமாகத்தான் இருக்கும். முழு லோடு ஏறிய அன்று மிச்சப் பட்டைகள் அந்தப் பாரத்தையும் தாங்கி வளைந்து, ஒருநாள் மெயின் பட்டையே முறியும். முறிந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கும், வண்டி தானாகத் திரும்பும்.

• கூடுதல் பட்டை போட்டுவிட்டு, காலியில் குதிக்கிறதே என்று மணலும் போடாதீர்கள். ஒரு தப்பை மறைக்க இன்னொன்று. இதில் மறைவாக ஒரு கேடும் உண்டு. பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கும் பாடிச் சட்டத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியும் வால்வும் இருக்கும். எல்.எஸ்.பி.வி. என்பார்கள். பாடி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, பின்சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் போக வேண்டும் என்று அது முடிவுசெய்கிறது. லோடு ஏறிப் பாடி தாழ்ந்தால் பின்னால் பிரேக்கைக் கூட்டும், காலியில் குறைக்கும். பட்டையைக் கூட்டிப் பாடியை உயர்த்தினால், முழு லோடிலும் வண்டி காலி என்றே அது நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் பிடிக்காது. பட்டையைக் குறைத்துப் பாடியைத் தாழ்த்தினால் நேர்மாறு, காலியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுழலும். பட்டையில் கை வைத்த அன்றே அந்தக் கம்பியின் அளவையும் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள். தெரியாது என்று சொல்லும் பட்டறையில் பட்டையையும் தொடவிடாதீர்கள்.

• அரை டிரம் தண்ணீர் வைக்காதீர்கள். தண்ணீர் நல்ல எடைதான், லிட்டருக்கு ஒரு கிலோ, போன இடத்தில் திறந்துவிடலாம். ஆனால் 200 லிட்டர் டிரம்மில் பாதி இருந்தால், பிரேக் அடித்ததும் 100 கிலோவும் முன்னால் பாய்ந்து, நின்றதும் பின்னால் பாயும். வளைவில் வண்டி சாயும் பக்கமே ஓடி நின்று, மேலும் சாய்க்கும். கழுத்து வரை நிரப்பி மூடியை இறுக்குங்கள், இல்லாவிட்டால் முழுக்கக் காலிசெய்யுங்கள். முழு டிரம்மையும் நிற்கவைத்துக் கட்டாதீர்கள், உயரம் அதிகம். தட்டையான கேன்கள் பல வைப்பது மேல்.

• உதிரியாகச் செங்கல், ஜல்லி, ஹாலோ பிளாக், இரும்புத் துண்டு போடாதீர்கள். விபத்தில் ஒவ்வொன்றும் ஒரு குண்டு.

• உப்பு மூட்டையும் உர மூட்டையும் வேண்டாம். தூத்துக்குடிப் பக்கம் உப்பு மலிவு என்று போடுகிறவர்கள் உண்டு. ஈரத்தில் கசிந்து பாடித் தகட்டை ஒரே மழைக்காலத்தில் அரித்துவிடும், கீழே சேசிஸ் வரை இறங்கும். எரிவாயு சிலிண்டரையும் டீசல் கேனையும் எடைக்காக வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

• எடையைக் கொண்டு சத்தத்தை அமுக்காதீர்கள். கடக் கடக்கென்று சத்தம் வந்த வண்டி மணல் போட்டதும் அமைதியானால் நோய் தீரவில்லை. தேய்ந்த புஷ்ஷும் தளர்ந்த யூ போல்ட்டும் எடையின்கீழ் அழுந்திச் சத்தமில்லாமல் தேய்கின்றன.

• எடை இருக்கிறது என்று வேகத்தடையில் வேகமாக ஏறாதீர்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும், அதையே 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் கடக்க வேண்டும். நம் ஊர்களுக்கு நடுவில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் தடைகள் அகலம் குறைந்து செங்குத்தாக நிற்பவை. அங்கே எந்த மூட்டையும் காப்பாற்றாது, ஊர்ந்துதான் போக வேண்டும்.

• லோடு கிடைத்ததும் மூட்டைகளை இறக்க மறக்காதீர்கள். ஐந்து மூட்டை 200 கிலோ. அதன்மேல் முழு லோடு ஏற்றினால் அதிக பாரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதற்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி, இறக்கும் கூலியும் நம் தலையில். ஆக்சிலுக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் ஆகும் கேடு அந்த ரசீதில் வராது. மணல் தானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று வருஷம் முழுக்கச் சுமக்கவும் வேண்டாம். கூடுதலான ஒவ்வொரு 45 கிலோவுக்கும் மைலேஜ் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்குச் சொல்லும் கணக்கு. நம் வண்டிக்கும் அதையொட்டித்தான் வரும்.

இறக்கி வைக்க ஓர் இடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். இடமில்லாததால்தான் பலர் மூட்டையோடு லோடு ஏற்றுகிறார்கள். எனக்குச் சூளைக்குப் பக்கத்தில் பெரியவர் வீட்டுத் திண்ணையோரம் இடம் கொடுத்திருக்கிறார். அரிசி மூட்டை, சிமென்ட் என்று கனமான சரக்கு அமையும் நாளில் ஐந்தையும் அங்கே போட்டுவிட்டுப் போவேன்.

மழைக்காலத்துக்கு மட்டும் ஒன்று

ஐப்பசியில் மூட்டைகளை மறுபடி நிறுத்துப் பாருங்கள். மணல் துகள்களுக்கு இடையில் உள்ள வெற்றிடம் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நனைந்தால் அவ்வளவும் தண்ணீராகும். 40 கிலோ மூட்டை 50 கிலோவை நெருங்கும். ஐந்து மூட்டையில் 50 கிலோ கேட்காமலே ஏறியிருக்கும். போன மழையில் எடை மேடைச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் இது எனக்கே உறைத்தது. அன்றிலிருந்து உள்சாக்குக்குப் பதிலாகக் கனத்த பாலித்தீன் பையில் மணலைப் போட்டு, வாயைச் சுருட்டிச் சைக்கிள் டியூப் வளையத்தால் கட்டி, அதற்கு மேல் சாக்கு போடுகிறேன்.